செவலையிடம் நீங்கள் சொன்னதெல்லாம்

மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்தேன். மடியில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. மகனாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தால், ‘உங்கள் புழு பசியோடு காத்திருக்கிறது, விளையாட வாருங்கள்’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் புழு கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும் படம். அந்த விளையாட்டை நான் தொட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. அது என்னை விடுவதாக இல்லை, தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறது. மதியத்தில் என்னைக் கூப்பிடுவதற்கு இப்போது அதைத் தவிர யாரும் இல்லை, அக்கா.

அக்கா என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு இரண்டான பிறகு உங்களை ஒருமுறைகூட நான் அப்படி அழைத்ததில்லை. ‘நீங்கள்’ என்றும் சொன்னதில்லை. அவ்வளவு பேசியிருக்கிறோம், ஆனால் ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொண்டதில்லை. வெளியில் யாரிடமாவது இதைச் சொன்னால் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். உங்களுக்கு மட்டும்தான் புரியும்.

அரிமளத்தில் இந்த வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகளாக வந்தீர்கள், நான் இளையவளாக வந்தேன். மாமனார் இருந்தவரை ஒரே அடுப்பில் சமைத்தோம். நான் உலை வைத்தால் நீங்கள் குழம்புக்குக் கூட்டுவீர்கள். என் மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்திய அன்று எனக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டது நீங்கள்தான். மாமனார் போனதும் பாகம் பிரித்தார்கள். போர்வெல் உங்கள் பக்கம் விழுந்தது. தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது என்றுதான் பேச்சு. மோட்டாரை யார் எப்போது போடுவது என்பதில் தகராறு ஆரம்பித்து, அண்ணனும் தம்பியும் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். ‘இனிமே நல்லது கெட்டதுக்குக் கெடையாது’ என்று முடிந்தது. ஹாலோ பிளாக் கல்லை இறக்கிக் கொல்லை நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார்கள். அதைப் பூசுவதற்குக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

பேச்சுவார்த்தை கிடையாது என்று முடிவெடுத்த இரண்டு பேரில் ஒருவர், உங்கள் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடையைத் திறக்கப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போய், விளக்கு வைத்த பிறகு வீடு சேர்பவர். இன்னொருவர், என் வீட்டுக்காரர், விமானம் ஏறிக் குவைத்துக்குப் போய்விட்டார். அந்த முடிவைக் காவல் காக்கும் வேலை மட்டும் வீட்டில் கிடந்த நம் இருவர் தலையில் விழுந்தது. அதை நாம் ஒழுங்காகவே செய்தோம். புதுக்கோட்டை பஸ்ஸில் நீங்கள் முன்வாசலில் ஏறினால் நான் பின்வாசலில் ஏறுவேன். கோயிலில் நீங்கள் சுற்றி முடித்த பிறகு நான் சுற்றுவேன்.

நம் பக்கத்தில் பேச்சு இல்லாத வீடுகளுக்குச் சாடைப் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் விடவில்லை. ஆளைப் பார்த்துத்தான் பேசக் கூடாது, ஆட்டைப் பார்த்துப் பேசலாம், கோழியைப் பார்த்துப் பேசலாம், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டால் சரி. உங்களிடம் செவலை என்று ஒரு பெட்டை வெள்ளாடு இருந்தது. “ஏ செவலை, ஒனக்கு அம்புட்டுத் திமிரா? புருசன் வெளிநாட்டுல இருந்தா கால் தரையில பாவாதோ?” என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பீர்கள். ஆட்டுக்கு ஏது வெளிநாட்டுப் புருஷன்? என்னிடம் ஆடு மாடு கிடையாது. துணி துவைக்கிற கல்தான் இருந்தது. “கல்லு, நீ எவ்வளவோ தேவலை. ஒனக்கு வாயாவது இல்ல” என்று ஈரத்துணியை ஓங்கி அடிப்பேன். கொஞ்ச நாளில் அதுவும் அலுத்துப் போனது. திட்டுவதற்கும் ஏதாவது புதிதாக நடக்க வேண்டும் அல்லவா? இரண்டு பக்கமும் சத்தம் அடங்கிவிட்டது. திட்டாவது இருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

மகன் கல்லூரிக்காகத் திருச்சி விடுதிக்குப் போனான். போகிற அன்று, “சும்மா ஒக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்காதம்மா, இத வெளையாடு” என்று போனில் அந்தப் புழு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். பெயர் கேட்ட இடத்தில் ‘அம்மா போன்’ என்று அடித்துவிட்டான். அப்படியே இருந்துவிட்டது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களோடு ‘அம்மா போன்’ என்ற பெயரில் நான் மோதிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன். சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. முதலில் விரல் நீளத்துக்கு ஒரு புழு. திரையெல்லாம் சிதறிக் கிடக்கும் கலர் மணிகளைத் தின்னத் தின்ன வளரும். நம்மைப் போலவே நூறு பேர் அங்கே ஊர்ந்துகொண்டிருப்பார்கள். நம் தலை அடுத்தவர் உடம்பில் முட்டினால் நாம் செத்தோம். எவ்வளவு பெரிய புழுவாக இருந்தாலும் அப்படித்தான். செத்த புழுவின் உடம்பு மணிமணியாக உதிரும், பக்கத்தில் இருப்பவர்கள் பாய்ந்து தின்று பெருப்பார்கள். வேகமாக ஓட ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அதை அழுத்தினால் நம் உடம்பே கரைந்துகொண்டு போகும். விளையாட்டைத் திறந்தால் நிறைய அறைகள் வரிசையாக இருக்கும். எதைத் தொடுவது என்று தெரியாமல் நான் எப்போதும் முதல் அறையைத் தொடுவேன்.

அந்த அறையில் ‘சும்மா’ என்று ஒரு ராட்சசப் புழு தினமும் இருக்கும். பட்டியலில் முதல் இடம் பெரும்பாலும் அதற்குத்தான். அலட்டிக்கொள்ளாமல், கோயில் தேர் மாதிரி மெதுவாகத் திரும்பும். ஒரு மதியம் எப்படியோ தைரியம் வந்து அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தேன். சும்மா என் முதுகில் முட்டிச் சிதறியது. அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. “எந்தக் கட்டையில போறவனோ குறுக்க வந்துட்டான் செவலை! காலையில இருந்து சேத்தது அம்புட்டும் போச்சு.”

எனக்குக் கை நின்றுவிட்டது. போனைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், மறுபடி போனைப் பார்த்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன் அக்கா. மாமனார் செத்த பிறகு அந்தக் கொல்லையில் யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் உங்களைத் தேடிப் பிடித்தேன். உங்கள் பக்கத்தில் ஊர்ந்து வந்து என் புழுவின் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். விளையாடுகிறவர்கள் ‘நான் எதிரி இல்லை’ என்பதை அப்படித்தான் காட்டுவார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். “இது என்ன செவலை, பேய் புடிச்ச மாதிரி தலைய ஆட்டுது?” என்று குரல் வந்தது. நான் கல்லைப் பார்த்துக்கொண்டு, சுவர் தாண்டிக் கேட்கும்படி சொன்னேன். “கல்லு, ஆட்டுனா சிநேகம்னு அர்த்தம். மேல ஒருத்தன் வளைக்க வாரான். கீழ திரும்புனா தப்பிக்கலாம்.”

உங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஒரு காக்கை மட்டும் கத்திக்கொண்டிருந்தது. போனை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் திரையில் சும்மா மெல்லக் கீழே திரும்பியது. திரும்பிய பிறகு அதுவும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. என் கண் நிறைந்து திரை மங்கிப் போய், நான் எதிலோ முட்டிச் செத்தேன்.

அதற்குப் பிறகு நமக்கு மதியம் என்று ஒன்று வந்தது. அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போகும் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் நீங்கள் கொல்லைக்கு வந்து தொண்டையைக் கனைப்பீர்கள். நான் கல்லில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்ப்பேன். நீங்களும் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பீர்கள் என்பது குரல் வரும் இடத்தில் தெரியும். ஒரு பூசாத சுவர் மட்டும் நடுவில். இரண்டு ஆண்கள் போட்ட சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட நாம் மீறவில்லை. நீங்கள் உங்கள் ஆட்டோடு பேசினீர்கள், நான் என் கல்லோடு பேசினேன்.

எனக்குப் பார்வை நல்லது, யார் எங்கிட்டு இருந்து வருகிறார்கள் என்று முதலில் சொல்வது நான். ஆனால் நான் அவசரக்காரி. தூரத்தில் ஒரு குவியல் மின்னினால் பொத்தானை அழுத்திக்கொண்டு பறப்பேன். போய்ச் சேர்வதற்குள் பாதி உடம்பு கரைந்திருக்கும், குவியலை வேறு யாரோ தின்றிருப்பார்கள். “ஏ செவலை, எதுக்கு இப்படி ஓடுற? ஓடி ஓடி நீ திங்கிறது ஒன் ஒடம்பத்தான்” என்பீர்கள். பெரியவனைக் கண்டு நான் பயந்து ஒதுங்கினால், “அவன் பெருசா இருக்கான்னு பாக்காத. அவனுக்குத் திரும்ப நேரமாகும். ஒனக்கு ஆகாது” என்பீர்கள். இதையெல்லாம் யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கல்லிடம் ஒருநாள் கேட்டேன். “இருவது வருசமா இந்த வீட்டுல குடும்பம் நடத்துறேன் செவலை, இது தெரியாதா?” என்று பதில் வந்தது.

ஒருமுறை ஒரு கறுப்புப் புழு என்னைச் சுற்றி வளைத்துவிட்டது. மனையைச் சுற்றி வேலி போட்ட மாதிரி நாலு பக்கமும் அவன் உடம்பு. வட்டத்தைக் குறுக்கிக்கொண்டே வந்தான். நான் முட்டிச் செத்துத் தொலையலாம் என்று பொத்தானில் விரல் வைத்துவிட்டேன். “செவலை, அவசரப்படாத. உள்ளயே சின்னதாச் சுத்திக்கிட்டு இரு. வளைச்சவனுக்குத்தான் வேலை, ஒனக்கு ஒன்னும் இல்ல. அவன் எப்பயாச்சும் அசருவான்.” சுற்றினேன். சுற்றிச் சுற்றி எனக்கே தலை சுற்றியது. நீங்கள் எங்கிருந்தோ வந்து அவன் முகத்துக்கு முன்னால் நின்றீர்கள். அவன் முட்டினான், சிதறினான். “தின்னு செவலை, தின்னு. கண்டவனுக்கும் விட்டுறாத” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் ஆட்டுக்கு என்னவோ விருந்து என்று நினைத்திருப்பார்கள்.

விளையாட்டில் ஆரம்பித்தது விளையாட்டோடு நிற்கவில்லை. அந்தக் கோடையில் தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. நான் கல்லிடம் ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் பேச்சை எடுக்கவே எனக்குப் பயம். ஒரு மதியம் சுவருக்கு மேலே தண்ணீர்க் குழாயின் நுனி எட்டிப் பார்த்தது. என் பக்கம் சரிந்து விழுந்து தண்ணீரைப் பீய்ச்சியது. “ஐயையோ செவலை, பைப்ப இழுத்து அங்கிட்டுப் போட்டுட்டியே. இனிமே நான் எப்ப எடுக்குறது? எனக்கு வேலை கெடக்கு” என்று நீங்கள் சலித்துக்கொண்டே மோட்டாரை அணைக்காமல் உள்ளே போனீர்கள். என் தொட்டி, அண்டா, குடம், சொம்பு எல்லாம் நிறைந்தது. இரண்டு வீட்டை வெட்டிப் பிரித்த தண்ணீர் இப்படியாக ஒரு ஆட்டின் தயவால் வந்து சேர்ந்தது. அப்புறம் அந்த ஆடு நாள் தவறாமல் குழாயை இழுத்துப் போட்டது.

திருமயத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் பத்திரிகை வைத்திருந்தார்கள். பந்தியில் என் இரண்டு பக்கமும் எதிரிலும் சொந்தக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, வளைக்கிறார்கள்.

“என்னத்தா, ஒன் ஓரகத்தி சொட்டுத் தண்ணி விட மாட்டேங்கிறாளாமே?” என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

“முருங்கைக்காய் நல்லா வெந்திருக்குங்க. இங்கிட்டு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தச் சொல்லுங்க” என்றேன்.

“அவ புருசன் ஒன்னைய அப்படிப் பேசுனாரே, ஒனக்கு மனசு ஆறுமா?” என்றாள் அடுத்தவள்.

“எலையில பாயசம் ஓடுது, பாத்துங்க. சேலையில பட்டுரப் போகுது.”

சாம்பார், பாயசம், அப்பளம் என்று அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். வளைத்தவர்கள் அசந்து போய் வேறு ஒருத்தியின் மருமகள் பக்கம் திரும்பினார்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிர்ப் பந்தியில் நீங்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினீர்கள். பக்கத்தில் இருந்த அம்மாள், “கழுத்துப் புடிச்சுக்கிச்சா?” என்று உங்களைக் கேட்டது எனக்குக் கேட்டது. சுவர் எழும்பிய பிறகு உங்கள் முகத்தை நான் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம்.

அதற்கு அடுத்த கார்த்திகையில் சும்மா சீக்கிரம் சீக்கிரமாகச் சாக ஆரம்பித்தது. முதலிடத்தில் தேர் ஓட்டியவர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு திரிந்தீர்கள். முட்டினால் திட்டுவதுகூட இல்லை. ஒருநாள், “செவலை, என்னையத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். வயித்துல ஏதோ கட்டிங்கிறாங்க. கொஞ்ச நாளைக்கு மதியத்துல வர மாட்டேன். யாரும் தேட வேண்டாம்” என்றீர்கள். சொல்லிவிட்டுக் கனைத்துக்கொண்டீர்கள். நான் கல்லிடம் என்ன சொல்வது? “நல்லபடியாப் போயிட்டு வரச் சொல்லு கல்லு” என்றேன்.

நீங்கள் இல்லாத மதியங்களில் நான் முதல் அறைக்குப் போய்ச் சும்மாவைத் தேடினேன். இருக்காது என்று தெரிந்தும் தேடினேன். திரையில் நூறு பேர் ஊர்ந்துகொண்டிருந்தார்கள், அதில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. தனியாக இருப்பது எப்படி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் தனிமையே இல்லை, வெறும் வேலையில்லாமல் இருந்தது.

திரும்பி வந்தீர்கள். குரல் மெலிந்திருந்தது. ஆனால் பேச்சு மாறியிருந்தது. “செவலை, இன்னைக்கு என்ன கொழம்பு வச்ச?” என்று கேட்பீர்கள். “செவலை, ஒம் மகன் போன் பண்ணுனானா?” என்பீர்கள். “தலைவலின்னு நேத்துச் சொன்னியே, தைலம் தேச்சியா?” என்பீர்கள். கல்லிடம் நான் பதில் சொல்வேன். சாடை என்றால் கொஞ்சமாவது ஆட்டுக்குப் பொருந்த வேண்டாமா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

உங்களை வந்து பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தவித்தது. பத்தடி தூரத்தில் படுத்திருக்கிறீர்கள், முகம் எப்படி ஆகிவிட்டது என்றுகூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து போன் வந்தபோது அவரிடம் சொன்னேன். “அண்ணன் வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும், தாராளமாப் போ. கூப்பிடாம போயி வாசல்ல நின்னு அசிங்கப்படப் போறியா?” என்றார். கூப்பிட வேண்டியவர் கூப்பிட மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் கல்லில் உட்கார்ந்து சொன்னேன். “கல்லு, யாரு என்ன சொன்னாலும் சரி, நான் வாசல் வழியா வரப் போறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. “வேண்டாம்னு சொல்லு செவலை. வந்தா அவரு ஒன்னு சொல்லுவாரு. அவரு சொன்னது குவைத்துக்குப் போகும். அங்கிட்டு இருந்து ஒன்னு வரும். அப்புறம் இந்த மதியமும் போயிரும். எனக்கு இது ஒன்னுதான் மிச்சம் இருக்கு.” மூச்சு வாங்கிக்கொண்டு, “இருக்குற எடத்துலயே இருக்கட்டும். சொவத்துக்கிட்டதான இருக்கேன்” என்றீர்கள். தூரத்தில் மின்னுவதற்காக ஓடிக் கையில் இருப்பதைக் கரைக்காதே என்று நீங்கள் எனக்கு எத்தனையோ முறை சொன்னதுதான் அது. அதை விளையாட்டில் கேட்டுக்கொண்ட எனக்கு அன்றைக்குக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. அழுதேன். அழுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கட்டும் என்றே அழுதேன்.

உங்கள் கயிற்றுக் கட்டிலைக் கொல்லையில் சுவரை ஒட்டிப் போட்டார்கள். நீங்கள் வெயில் வேண்டும் என்று கேட்டதாக உங்கள் மகளின் குரல் சொன்னது. போனைப் பிடிக்க உங்கள் கையில் பலம் இல்லை. நான் பெயரை மாற்றி, ‘சும்மா’ என்று அடித்துக்கொண்டு விளையாடினேன். நடப்பதையெல்லாம் கல்லிடம் சொன்னேன், ரேடியோவில் கபடி சொல்கிற மாதிரி. “கல்லு, சும்மா இப்ப ஏழாவது எடம். பச்சைக்காரன் ஒருத்தன் பக்கத்துல வாரான். விடல, குறுக்க போயாச்சு. செதறிட்டான். இப்ப நாலாவது.” கட்டில் கயிறு கிரீச்சிடும். சிரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். சும்மாவைத் திரும்ப முதலிடத்துக்குக் கொண்டுவந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்பது ஒன்றே எனக்கு வேலையாக இருந்தது. அதைச் செய்துவிட்டால் நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்று நம்பினேன் அக்கா. மனசு எதையெல்லாம் நம்புகிறது பாருங்கள்.

ஒரு மதியம் கொண்டுவந்தேன். “கல்லு, சும்மா மொத எடம்!” என்றேன். “பாத்தேன், பாத்தேன்” என்று மெதுவாகச் சொன்னீர்கள். போன் உங்கள் கையில் இல்லை, எதைப் பார்த்தீர்களோ. “போதும் செவலை. ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டே இருக்க, ஒனக்குக் கண்ணு வலிக்கும். போயி ஒரு வாய் சாப்பிடு” என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை குடத்தோடு தெருக்குழாயில் நின்றபோது உங்கள் வீட்டிலிருந்து உங்கள் மகள் ‘அம்மா’ என்று அலறியது கேட்டது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்தவர்கள் போக வேண்டும். உங்கள் வாசலில் ஏற எனக்கு வந்த அழைப்பு அதுதான். யாரிடமும் போன் போட்டுக் கேட்கவில்லை. வாசலில் நின்றிருந்த அத்தான் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். “உள்ள போம்மா” என்றார்.

முகம் அவ்வளவு சின்னதாகப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு பேர் சொல்லி அழுதார்கள். எனக்கு அக்கா என்று வாய்விட்டு ஒருமுறை கூப்பிட வேண்டும் போல இருந்தது. கல்லைப் பார்த்தே பழகிய வாய், முகத்தைப் பார்த்ததும் வரமாட்டேன் என்றது.

உங்களை எடுத்துப் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான் துடைப்பத்தோடு கொல்லைப் பக்கம் போனேன். சுவர் எழும்பிய பிறகு அதன் உங்கள் பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீங்கள் சாய்ந்து சாய்ந்து ஒரு இடத்தில் கல் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. வேப்பமரத்தடியில் ஆடு கட்டும் முளைக்குச்சி இருந்தது, கயிறு இல்லை. சுற்றிலும் ஒரு புழுக்கைகூட இல்லை, புல் வளர்ந்து கிடந்தது.

உங்கள் மகள் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். “செவலைய யாரு வீட்டுல கட்டியிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“செவலையா? அம்மாவ மொத மொத தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனப்பவே குடுத்தாச்சே சித்தி. பாத்துக்க ஆளில்லன்னு அப்பாதான் வித்துட்டாரு.”

“அதுக்கப்புறம் வேற ஆடு?”

“வேற ஆடெல்லாம் இல்ல. ஏன் சித்தி?” என்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, “அம்மாதான் மதியமானா இங்க படுத்துக்கிட்டு செவலை செவலைன்னு தனியாப் பேசிக்கிட்டே இருக்கும். மாத்திரையினால அப்படின்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்” என்றாள்.

நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உங்கள் கட்டிலில் உட்கார்ந்தேன். தெருவெல்லாம் ஆடு கத்துகிற ஊரில் ஒரு ஆட்டின் குரல் குறைந்தது என் காதுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் முழுக்க அந்தப் பக்கம் ஆடே இல்லை. என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டது என்னை. தைலம் தேய்த்தாயா என்று கேட்டது என்னை. கண் வலிக்கும், போய்ச் சாப்பிடு என்று சொன்னது என்னைத்தான், வேறு யாரையும் இல்லை. நமக்கு நடுவில் நின்ற ஒன்றை நீங்கள் எப்போதோ எடுத்துவிட்டீர்கள். என் பக்கம் கல் மட்டும் அப்படியே கிடந்தது.

பதினாறு முடிந்து எல்லோரும் போனார்கள். உங்கள் மகள் காலேஜுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸுக்குப் போகும்போது என் வாசலில் நின்று “வாரேன் சித்தி” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். மற்றபடி மதியம் மதியமாகவே இருக்கிறது. சுவரில் சாய்ந்தால் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பது முதுகுக்குத் தெரிகிறது. இதை யாரிடம் சொல்ல? நீங்கள் செத்ததற்கு நான் இவ்வளவு அழுவதற்கு என்ன உரிமை என்று ஊர் கேட்டால் எதைக் காட்டுவேன்?

விளையாட்டை மறுபடி திறக்க மனசு வரவில்லை. ஆனால் யாராவது என்னை வளைத்தால் இப்போதும் உள்ளேயே சின்னதாகச் சுற்றுகிறேன். எதற்கும் ஓடுவதில்லை. அதெல்லாம் செவலை இருந்தபோது நீங்கள் சொன்னவை. செவலை போன பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்குக் கடினமாக இருந்தது, கற்றுக்கொள்ள நாளாகியது.

வெள்ளிக்கிழமை அவர் குவைத்திலிருந்து பேசினார். “எப்படி இருக்க?” என்று வழக்கம்போலக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அதற்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான், நல்லா இருக்கேன். மனசில் இருப்பதை, போனைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இருக்கும் மகனிடம் சொல்வேன், அப்பா ஊருக்கு வந்தா நல்லா இருக்கும்ல தம்பி என்று, அவர் காதில் விழும்படி. அவரிடமும் நான் சாடையாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அக்கா.

“நல்லா இல்லங்க” என்றேன். “இங்க எனக்கு ரொம்பத் தனியா இருக்கு. நீங்க எப்ப வாரீங்க?”

அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“இத்தனை வருசத்துல நீ இதக் கேட்டதே இல்லையே” என்றார்.

“இப்பக் கேக்குறேன்” என்றேன்.